லிப்சி6 மேம்படுத்தல் நின்றுவிட்டது, கெர்னல் எண் 255-ஐத் தாண்டியது பிழையாம்: என்ன செய்வது?

அச்சுக்கடை:

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், என்ன செய்தும் நகரவில்லை.

எங்கள் அச்சகத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஏஆர்எம் பலகைக் கணினி இருக்கிறது. உபுண்டு 20.04. திரை, விசைப்பலகை எதுவும் கிடையாது, பக்கத்துக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத்தான் உள்ளே போவேன். சாம்பா மூலம் மூன்று கணினிகளுக்குக் கோப்புப் பகிர்வு, ராத்திரி பில் தரவை வெளி வன்வட்டில் படியெடுப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது.

திங்கட்கிழமை வழக்கம்போல் ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேடு கொடுத்தேன். பாதி தூரம் போய் லிப்சி6 (கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகத்தின் பேக்கேஜ்) வந்த இடத்தில் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பத்தி வந்தது, அதன் சாரம் இது: உங்கள் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பதிப்பின் திருத்த எண் 255 அல்லது அதற்கு மேல் என்று தெரிகிறது, அது 255-க்குக் கீழேதான் இருக்கும் என்ற அனுமானங்கள் ஜிலிப்சிக்குள் (லிப்சி6 தரும் நூலகம்) இருக்கின்றன, நீங்களே கெர்னலைக் கட்டியிருந்தால் உங்கள் சொந்த எண்களை ஒரு சிறுகோடு போட்டு அதற்குப் பின்னால் சேருங்கள். அதன் கீழே நிறுவலுக்கு முந்தைய ஸ்கிரிப்ட் பிழைக் குறியீடு 1 கொடுத்தது என்று ஒரு வரி. கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த அந்த டிபிகேஜி (பேக்கேஜ்களை நிறுவும் நிரல்) துணைச்செயல் பிழை.

அதிலிருந்து எந்த பேக்கேஜையும் நிறுவ முடியவில்லை. லிப்சி6-டெவ் புது லிப்சி6-ஐக் கேட்கிறது, லிப்சி6 உள்ளே வர மறுக்கிறது. ஃபிக்ஸ்-புரோக்கன் கொடு என்று ஆப்ட் சொல்கிறது, கொடுத்தால் சுற்றிச் சுற்றி அதே 255-இல் வந்து நிற்கிறது.

நான் எந்தக் கெர்னலையும் கட்டவில்லை. பலகை வாங்கியபோது தயாரிப்பாளர் தந்த இயங்குதள இமேஜை அப்படியே நினைவக அட்டையில் எழுதிப் போட்டேன். தெரிந்த ஒருவரிடம் கேட்டால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்கிறார். தரவுக்குப் படி இருக்கிறது, ஆனால் பயனர்கள், அனுமதிகள், ராத்திரி ஓடும் ஸ்கிரிப்டுகள் என்று எல்லாவற்றையும் திரும்ப அமைக்க முழு நாள் போகும். திருமண சீசன், பத்திரிகை வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அழிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?


நள்ளிரவு டெர்மினல்:

கெர்னல் பதிப்பைக் காட்டும் யூநேம் கட்டளையை சிறுகோடு ஆர் போட்டு அடித்தால் என்ன வருகிறது என்று அப்படியே எழுதுங்கள். இன்னொன்று, இப்போதைக்கு அந்தப் பலகையை மறுதொடக்கம் செய்ய வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இருந்தாலும் நிலைமை தெளிவாகும் வரை அப்படியே ஓடட்டும்.


அச்சுக்கடை:

4.9.277-75 என்று வருகிறது. மறுதொடக்கம் ஏற்கெனவே ஒரு தடவை செய்துவிட்டேன், நல்லபடியாகத்தான் எழுந்தது. சாம்பாவும் வேலை செய்கிறது.


பழைய பென்குயின்:

நல்லபடியாக எழுந்தது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. பயப்படாதீர்கள், உங்கள் கணினி உடையவில்லை.

டிபிகேஜி ஒரு பேக்கேஜை எடுத்தால் முதலில் அதற்குள் இருக்கும் பிரிஇன்ஸ்ட் என்ற சின்ன ஸ்கிரிப்டை ஓட்டும். அது சரி என்று சொன்ன பிறகுதான் பழைய கோப்புகளின் மேல் புதியவை வைக்கப்படும். உங்களுக்கு அந்த பிரிஇன்ஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. அதாவது புது லிப்சியின் ஒரு பைட்டுகூட உள்ளே வரவில்லை, பழைய லிப்சி முழுசாக அப்படியே இருக்கிறது. கூட வந்த மற்ற பேக்கேஜ்கள் சில முன்னால் போய்விட்டதால் சார்புகள் பொருந்தாமல் ஆப்ட் கத்துகிறது, அவ்வளவுதான்.

இப்போது 255-க்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கெர்னல் தன் பதிப்பை இரண்டு விதமாக வெளியே சொல்கிறது. ஒன்று நீங்கள் பார்த்த எழுத்துச் சரம், 4.9.277-75. இன்னொன்று ஒரே முழு எண். அந்த எண்ணைச் செய்ய முதல் எண்ணை 65536-ஆல் பெருக்கி, இரண்டாவதை 256-ஆல் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டுவார்கள். மூன்றாவதுக்கு ஒதுக்கிய இடம் ஒரு பைட், அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 4.9.255 என்றால் 264703 வரும். அடுத்தது 4.9.256, அதற்கு 264704. ஆனால் 4.10.0-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் 264704-தான். இந்தக் கணக்கின்படி உங்கள் 4.9.277 தன்னை 4.10.21 என்று சொல்லிக்கொள்ளும். பதிப்பை வைத்து முடிவெடுக்கும் எந்த நிரலும் ஏமாந்துபோகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 4.9 வரிசை 2016 டிசம்பரில் வந்தது, நீண்டகால ஆதரவு வரிசை, வாராவாரம் திருத்தம் வந்துகொண்டே இருந்தது. 2021 பிப்ரவரியில் 4.4, 4.9 இரண்டும் ஒரே சமயத்தில் 255-ஐத் தொட்டன. அந்த வரிசைகளைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 4.4.256, 4.9.256 இரண்டையும் எண் மாற்றத்தை மட்டும் வைத்து வெளியிட்டார். வேறு ஒரு திருத்தமும் அதில் கிடையாது. யாருக்கு என்ன உடைகிறது என்று பார்ப்பதற்காகவே அப்படிச் செய்தார். அதற்கு அடுத்த வெளியீடுகளில் அந்த முழு எண்ணில் மட்டும் மூன்றாவது பகுதியை 255-இலேயே நிறுத்திவைக்கும் திருத்தம் சேர்ந்தது. ஆக, முழு எண் பிரச்சினை கெர்னல் பக்கத்தில் தீர்ந்துவிட்டது.

ஆனால் யூநேம் காட்டும் எழுத்துச் சரத்தை யாரும் தொடவில்லை. தொடவும் கூடாது, நம்மிடம் இருப்பது எந்தத் திருத்தம் என்று தெரிய அதுதானே ஒரே வழி? லிப்சி6-இன் பிரிஇன்ஸ்ட் பார்ப்பது அந்தச் சரத்தைத்தான். மூன்றாவது எண்ணைப் பிரித்தெடுக்கிறது, 255 அல்லது மேல் என்றால் கதவைச் சாத்திவிடுகிறது.

அந்தப் பிழைச் செய்தியை இன்னொரு தடவை படியுங்கள். சொந்தமாகக் கெர்னல் கட்டியிருந்தால் என்று தொடங்குகிறது பாருங்கள், அதை எழுதியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. யாராவது தங்கள் சொந்த எண்ணையோ தேதியையோ மூன்றாவது இடத்தில் ஒட்டவைத்தால்தான் அவ்வளவு பெரிய எண் வரும், உண்மையான கெர்னல் வரிசை அவ்வளவு தூரம் போகாது என்ற எண்ணம். அன்றைக்கு அது நியாயமான எண்ணம்தான்.


வேகவண்டி:

இதற்கு இவ்வளவு கதை எதற்கு? செட்ஆர்ச் கட்டளையில் யூநேம்-2.6 என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதைப் போட்டு ஆப்டை ஓட்டினால் கெர்னல் எண்ணை மாற்றிக் காட்டும். அப்படியும் வராவிட்டால் டிபிகேஜிக்கு ஃபோர்ஸ்-ஆல் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் இன்னொரு 20.04 கணினியிலிருந்து லிப்சி கோப்பை நகலெடுத்துப் பழையதன் மேல் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.


பழைய பென்குயின்:

அச்சுக்கடை ஐயா, தயவுசெய்து இந்த மூன்றையும் செய்யாதீர்கள்.

செட்ஆர்ச் சொல்வது நல்ல எண்ணம்தான், ஆனால் இங்கே பொருந்தாது. கெர்னல் எண் 3.0-க்குத் தாவியபோது, 2.6 என்று தொடங்கினால்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்த பழைய நிரல்களுக்காக வந்த வசதி அது. 4.9 கெர்னலில் அதைப் போட்டால் 2.6.69 என்று காட்டும். 64-பிட் ஏஆர்எம்மில் ஜிலிப்சி கேட்கும் குறைந்தபட்சக் கெர்னல் 3.7. கெர்னல் மிகப் பழையது என்று அதே ஸ்கிரிப்ட் வேறு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும்.

ஃபோர்ஸ்-ஆல் என்பது சார்புகளையும் கோப்பு மோதல்களையும் கண்டுகொள்ளாமல் விடச் சொல்வது. பிரிஇன்ஸ்ட் தோற்றுப்போனதை அது மறைக்காது. நீங்கள் வேண்டாத இடத்தில் வேலை செய்யும், வேண்டிய இடத்தில் செய்யாது.

மூன்றாவதுதான் ஆபத்து. வேகவண்டி, நீங்கள் உதவிக்காகத்தான் சொல்கிறீர்கள், தெரியும், ஆனால் இதை இங்கே படித்துவிட்டு இன்னொருவர் செய்துவிடுவார் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எல்எஸ், பாஷ், எஸ்எஸ்எச், ஆப்ட், ஏன் நகலெடுக்கும் சிபி கட்டளைகூட அந்த ஒரே லிப்சி கோப்பைத்தான் நினைவகத்தில் ஏற்றி ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேலேயே எழுதினால் அந்த நொடியிலேயே எல்லாம் சரிந்துவிடலாம். நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் லோடரும் அதோடு இணைந்த மற்ற கோப்புகளும் வேறு பதிப்பில் இருந்தால் அடுத்த கட்டளையே ஓடாது. திரையே இல்லாத பலகையில் அது நடந்தால் அட்டையைக் கழற்றி வேறு கணினியில் செருகித்தான் மீட்க வேண்டும். நான் ஒருமுறை அந்த நிலையில் மாட்டியிருக்கிறேன், விடிய விடிய உட்கார்ந்தேன்.


வேகவண்டி:

சரி, லிப்சி நகலெடுப்பது பற்றி நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். செட்ஆர்ச் இன்டெல் கணினியில் எனக்கு வேறு ஒரு பழைய மென்பொருளுக்கு வேலை செய்தது, அதனால் சொன்னேன்.


முல்லைப்பூ:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கெர்னல் பிழைதான். உபுண்டு 22.04, மடிக்கணினி. 6.8 கெர்னல் வந்ததிலிருந்து ஒவ்வொரு மேம்படுத்தலும் லினக்ஸ்-ஹெடர்ஸ், லினக்ஸ்-இமேஜ் இரண்டிலும் பிழை சொல்லி முடிகிறது. டிகேஎம்எஸ் குறியீடு 11 என்று இருக்கிறது. நானும் யூநேமைப் பார்க்க வேண்டுமா?


நள்ளிரவு டெர்மினல்:

முல்லைப்பூ அக்கா, உங்களுடையது வேறு நோய், தனி இழை தொடங்குங்கள், அங்கே விரிவாகப் பேசலாம். சுருக்கமாகச் சொன்னால் கெர்னலோடு வராத ஏதோ ஒரு மாட்யூல் உங்களிடம் இருக்கிறது, வைஃபை டிரைவரோ, விர்ச்சுவல்பாக்ஸோ, பழைய என்விடியா டிரைவரோ. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் அதைத் திரும்பக் கட்டும். 6.8-இல் உள்ளே இருக்கும் செயற்கூறுகள் மாறியிருந்தால் பழைய மூலநிரலைக் கட்ட முடியாது, அது தோற்றதால் கெர்னல் பேக்கேஜும் பாதி அமைத்த நிலையில் நிற்கிறது. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கொடுத்தால் எந்த மாட்யூல் என்று தெரியும். வார், லிப், டிகேஎம்எஸ் என்று கோப்புறைகளுக்குள் போனால் அந்த மாட்யூலின் பெயரில் மேக்.லாக் கோப்பு இருக்கும், அதில் முதல் பிழையைப் பாருங்கள். கடைசிப் பிழை எப்போதும் ஒன்றையே சொல்லும், முதல் பிழையில்தான் விஷயம் இருக்கும். அந்த மாட்யூலுக்குப் புதுப் பதிப்பு இருந்தால் போடுங்கள், வேண்டாத மாட்யூல் என்றால் நீக்கிவிட்டு டிபிகேஜி கன்ஃபிகர் ஆல் கொடுங்கள். அதுவரை பழைய கெர்னலை நீக்கிவிடாதீர்கள், தொடக்கப் பட்டியலில் அது இருந்தால்தான் உள்ளே போக முடியும்.


முல்லைப்பூ:

பழைய வைஃபை குச்சியின் டிரைவர்தான். அந்தக் குச்சி தொலைந்தே ஒரு வருடம் ஆகிறது. நீக்கிவிட்டேன், பிழை போய்விட்டது. மிக்க நன்றி.


அச்சுக்கடை:

பென்குயின் ஐயா, அந்த விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன். இப்போதுதான் மூச்சு வந்தது. நான் செய்ய வேண்டியது என்ன?


பழைய பென்குயின்:

ஊகத்தில் எதையும் செய்ய வேண்டாம், முதலில் அந்த ஸ்கிரிப்டைக் கண்ணால் பார்த்துவிடுவோம். கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஆப்ட் பதிவிறக்கிய டெப் கோப்புகள் வார், கேச், ஆப்ட், ஆர்கைவ்ஸ் கோப்புறையில் இருக்கும். அதிலிருந்து லிப்சி6-இன் டெப் கோப்பை டெம்ப் கோப்புறைக்கு நகலெடுங்கள். டிபிகேஜி-டெப் கட்டளையில் கன்ட்ரோல் விருப்பம் போட்டு, கோப்பின் பெயரும் ஒரு வெற்றுக் கோப்புறையின் பெயரும் கொடுங்கள். நிறுவாமலேயே பிரிஇன்ஸ்ட் உட்பட ஸ்கிரிப்டுகளை மட்டும் வெளியே எடுத்துத் தரும். அதில் கிரெப் போட்டு 255 தேடுங்கள். வரும் வரிகளையும், டெப் கோப்பின் முழுப் பெயரையும் இங்கே எழுதுங்கள். டிபிகேஜி உங்களிடம் எதையும் மாற்றாது, படித்துப் பார்ப்பது மட்டும்தான், தைரியமாகச் செய்யுங்கள்.


அச்சுக்கடை:

செய்தேன். யூநேமின் மூன்றாவது எண்ணை எடுத்து 255-உடன் ஒப்பிடும் வரி அதில் இருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. கோப்பின் பெயரில் 2.31 என்று தொடங்குகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். ஆப்ட் அப்டேட் கொடுத்தால் வரும் முகவரி உபுண்டுவினுடையது இல்லை, பலகை விற்றவர்களின் சொந்தப் பிரதிக் களஞ்சியம் மாதிரி தெரிகிறது. அதிலிருக்கும் பட்டியலின் தேதியைப் பார்த்தால் பல மாதமாகப் புதுப்பிக்கவே இல்லை போலிருக்கிறது.


பழைய பென்குயின்:

ஆஹா, நல்லது கவனித்தீர்கள். இதில்தான் உங்களுக்கு விடிவு.

மூன்றாவது எண்ணைப் பார்க்கும் இந்தச் சோதனை டெபியனிலும் அதை ஒட்டிய உபுண்டுவிலும் பலருக்குத் தொந்தரவு கொடுத்த பிறகு, லிப்சி6-இன் பிந்தைய திருத்தங்களில் முதல் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடும்படி மாற்றிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி, 3.7-ஐ விடப் புதியதா என்று தெரிய 4.9 போதுமே, 277 எதற்கு? உங்கள் பிரதிக் களஞ்சியம் நின்றுபோனதால் அந்தத் திருத்தம் உங்களுக்கு வந்து சேரவில்லை. கெர்னல் எண் மட்டும் தயாரிப்பாளர் தந்த மேம்படுத்தலில் 255-ஐத் தாண்டிவிட்டது.

ஆகவே முதல் வழி, சோர்ஸஸ் பட்டியலில் உபுண்டுவின் போர்ட்ஸ் களஞ்சியத்தைக் கொடுப்பது. ஏஆர்எம் பேக்கேஜ்கள் வழக்கமான களஞ்சியத்தில் இருக்காது, போர்ட்ஸில்தான் இருக்கும், அதைக் கவனியுங்கள். பழைய பட்டியலை அழிக்காமல் வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கெர்னலுக்கான தயாரிப்பாளர் களஞ்சியம் தனி வரியில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அப்புறம் ஆப்ட் அப்டேட். பிறகு உடனே நிறுவாமல் ஆப்ட் டவுன்லோடு லிப்சி6 என்று கொடுத்துக் கோப்பை மட்டும் இறக்கி, முன்பு செய்த மாதிரியே பிரிஇன்ஸ்ட்டைப் பிரித்து 255 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபிக்ஸ்-புரோக்கன் கொடுங்கள், தானாகக் கோர்த்துக்கொள்ளும்.

அதற்கு முன் இரண்டு காரியம். பலகையை அணைத்து அட்டையை வேறு கணினியில் செருகி டிடி கட்டளையால் முழுப் படி எடுத்துவிடுங்கள். அரைமணி நேரம் ஆகும், ஆனால் அதற்குப் பிறகு எது நடந்தாலும் திரும்பி வரலாம். இன்னொன்று, மேம்படுத்தும்போது எஸ்எஸ்எச்சில் இரண்டு இணைப்பு திறந்து வையுங்கள், இரண்டாவதில் சுடோ மூலம் ரூட்டாக உட்கார்ந்திருங்கள். ஒன்று போனாலும் மற்றொன்று கையில் இருக்கும்.


நள்ளிரவு டெர்மினல்:

புதுத் திருத்தம் கிடைக்காதவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். ஆதரவு முடிந்த பழைய வெளியீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இருப்பார்கள்.

டெப் கோப்பை முழுசாகப் பிரித்து, பிரிஇன்ஸ்ட்டில் அந்த ஒப்பீட்டை மட்டும் நீக்கி, டிபிகேஜி-டெப் பில்டு கொண்டு திரும்பக் கட்டி நிறுவலாம். இதில் என்ன மாற்றினோம் என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அதனால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

இன்னொன்று பலரும் சொல்வது, டிபிகேஜி-டைவர்ட் மூலம் உண்மையான யூநேமைத் தற்காலிகமாக வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு, அதன் இடத்தில் 4.9.254 என்று சொல்லும் இரண்டு வரி ஸ்கிரிப்டை வைப்பது. வேலை செய்யும். ஆனால் அந்த நேரத்தில் லிப்சி குடும்பத்தைத் தவிர வேறு எதையும் மேம்படுத்தக் கூடாது. டிகேஎம்எஸ் மாதிரியானவை ஓடும் கெர்னல் எது என்று யூநேமிடம்தான் கேட்கும், 4.9.254 என்று பதில் வந்தால் இல்லாத கோப்புறையில் மாட்யூலைத் தேடிப் புதுப் பிழையைக் கிளப்பும். முடிந்த கையோடு டைவர்ட்டை நீக்குங்கள். நீக்க மறந்தவர்கள் ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ பிழையோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.


அச்சுக்கடை:

முடிந்தது!

நேற்று இரவு கடை சாத்திய பிறகு உட்கார்ந்தேன். அட்டையைப் படியெடுக்க 40 நிமிடம் ஆனது. பட்டியலை போர்ட்ஸுக்கு மாற்றினேன், புது லிப்சி6-ஐ இறக்கிப் பிரித்துப் பார்த்தேன், 255 என்ற எண்ணே அதில் இல்லை. ஃபிக்ஸ்-புரோக்கன் கொடுத்தேன், லிப்சி6, லிப்சி-பின், லோகேல்ஸ், லிப்சி6-டெவ் என்று வரிசையாக நிறுவிக்கொண்டு போனது. பிறகு முழு அப்கிரேடு, 112 பேக்கேஜ்கள், ஒரு பிழையும் இல்லை. மறுதொடக்கம் செய்தேன், எழுந்துவிட்டது. காலையில் அப்பா வந்து பில் போடும்போது எதுவும் மாறியதாகவே அவருக்குத் தெரியவில்லை.

பென்குயின் ஐயாவுக்கும் நள்ளிரவு நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு சந்தேகம். என் நண்பர்கள் யாருக்கும் இந்தப் பிழை வந்ததே இல்லை என்கிறார்கள், அவர்களும் 20.04-தான். அது ஏன்?


பழைய பென்குயின்:

மிக்க மகிழ்ச்சி ஐயா.

அவர்களை யூநேம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 5.4.0 என்று தொடங்கி, சிறுகோட்டுக்குப் பின்னால் வேறு எண் இருக்கும். உபுண்டுவும், 12-ஆம் பதிப்பு வரை டெபியனும், தங்கள் கெர்னலில் மூன்றாவது எண்ணை வழக்கமாகச் சுழியமாகவே வைத்துவிட்டு, சொந்தத் திருத்தக் கணக்கைச் சிறுகோட்டுக்குப் பின்னால் வைக்கிறார்கள். அதனால் அவர்கள் கெர்னலில் எத்தனை திருத்தம் வந்தாலும் இந்தச் சோதனை வாயே திறக்காது. மூல வரிசையின் எண்ணை அப்படியே காட்டும் கெர்னல்களில்தான் பிரச்சினை: பலகைத் தயாரிப்பாளர்கள் தருவது, சில வாடகைச் சேவையகங்கள் தருவது, நாமே கட்டுவது. பேக்கேஜைச் செய்பவர்கள் தங்கள் சொந்தக் கெர்னலில் எவ்வளவு சோதித்தாலும் கண்ணில் பட்டிருக்காது. அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலகை விற்பவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். டிரைவர்களை மூலக் கெர்னலுக்குள் சேர்க்காமல் 4.9-இலேயே நிறுத்திவிடுகிறார்கள். நீண்டகால வரிசை என்றாலும் ஒருநாள் முடியத்தான் வேண்டும், 4.9-உம் 2023 ஜனவரியில் 4.9.337-உடன் முடிந்தது. பலகை மட்டும் பத்து வருடம் உழைக்கிறது. உங்களுடையதில் திரை இல்லை, வீடியோ டிரைவர் தேவையில்லை, ஆகவே சமூகம் பராமரிக்கும் புதுக் கெர்னல் இமேஜ் உங்கள் பலகைக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு அட்டையில் எழுதி, கடை விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். வலை இணைப்பும் யுஎஸ்பியும் சரியாக வந்தால் உங்களுக்கு அதுவே போதும்.


தென்னந்தோப்பு:

பழைய இழை என்று தெரியும், ஆனால் தேடியபோது தமிழில் இது ஒன்றுதான் கிடைத்தது. என்னிடம் பலகை இல்லை, வலையோடு இணைத்த சேமிப்புப் பெட்டி. கெர்னல் 4.4.302. அதில் டாக்கர் ஓட்டுகிறேன், நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனி அறைகளுக்குள் ஓட்டும் மென்பொருள். கன்டெய்னருக்குள் இருப்பது டெபியன் 11. உள்ளே ஆப்ட் அப்கிரேடு கொடுத்தால் இதே 255 பிழை. கன்டெய்னர் தனிக் கணினி மாதிரிதானே, அதற்குள் எப்படி இந்த எண் வருகிறது?


நள்ளிரவு டெர்மினல்:

தனிக் கணினி மாதிரி தோன்றும், ஆனால் கெர்னல் வெளியே இருக்கும் பெட்டியினுடையதுதான். உள்ளே டெபியன் கோப்புகள், கீழே ஓடுவது உங்கள் 4.4.302. உள்ளே போய் யூநேம் அடித்தாலும் அதுதான் வரும். 4.4 வரிசை 2022 பிப்ரவரியில் அந்த 302-உடன் முடிந்துவிட்டது, இனி அந்த எண் மாறவும் போவதில்லை.

உங்களுக்கு இன்னும் சுலபம். கன்டெய்னருக்குள் ஆப்ட் அப்கிரேடு செய்யவே வேண்டாம். அதன் அடிப்படை இமேஜின் புதிய கட்டமைப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அது வேறு எங்கோ வேறு கெர்னலில் கட்டப்பட்டு, லிப்சி ஏற்கெனவே உள்ளே வைத்தபடி வருகிறது. பிரிஇன்ஸ்ட் உங்கள் பெட்டியில் ஓடும் தேவையே இல்லை. தரவை வால்யூமில், அதாவது கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் சேமிப்பிடத்தில், வைத்திருந்தால் கன்டெய்னரை அழித்து எழுப்புவதில் ஒன்றும் போகாது. வால்யூமில் வைக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதுசாக எடுக்கிறோமே என்று மிகப் புதிய வெளியீட்டுக்குத் தாவிவிடாதீர்கள். ஜிலிப்சி 2.34 முதல் குளோன்3 என்ற சிஸ்டம் காலை (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) முதலில் முயன்று பார்க்கும். பழைய டாக்கரின் பாதுகாப்பு வடிகட்டி அதைத் தெரியாது என்று சொல்லாமல் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும், அதனால் நிரல்கள் புது திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) தொடங்க முடியாமல் விழும். டாக்கர் 20.10.10-இல் அது சரியானது. உங்கள் பெட்டியில் டாக்கர் பதிப்பு என்ன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதே டெபியன் 11-இன் புதிய இமேஜ் என்றால் உள்ளே ஜிலிப்சி 2.31-தான், இந்தக் கவலை இல்லை.


தென்னந்தோப்பு:

டாக்கர் 20.10.3. டெபியன் 11-இலேயே இருந்துகொண்டேன், புதிய இமேஜ் இறக்கி எழுப்பினேன், வால்யூம் இருந்ததால் தரவு அப்படியே இருக்கிறது. இப்போது உள்ளே ஆப்ட் அப்கிரேடு கொடுத்தாலும் அந்தப் பிழை வரவில்லை, புது லிப்சி6-இல் அந்தச் சோதனை இல்லை போலிருக்கிறது. நன்றி நண்பரே.


அச்சுக்கடை:

இந்த இழை மேலே வந்ததைப் பார்த்து நானும் எழுதுகிறேன். பொங்கல் விடுமுறையில் பென்குயின் ஐயா சொன்னபடி தனி அட்டையில் சமூக இமேஜ் போட்டுப் பார்த்தேன், 6.1 கெர்னல். வலை இணைப்பு உடனே வந்தது. வெளி வன்வட்டு மட்டும் முதலில் தெரியவில்லை, வேறு யுஎஸ்பி துளையில் செருகியதும் வந்துவிட்டது, ஏன் என்று இன்னும் பார்க்க வேண்டும். சாம்பா அமைப்புகளைப் பழைய அட்டையிலிருந்து எடுத்துப் போட்டேன், இரண்டு வாரமாக அதில்தான் கடை ஓடுகிறது. பழைய அட்டையை ஒரு உறையில் போட்டு 4.9.277 என்று எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.